சிட்டிகையை ஒழிக்க நான் போட்ட திட்டம்

எனக்கு அடிக்கடி கோபம் வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. தப்பு. கோபம் எனக்கு வர்றதே இல்லை. போனாத்தானே வர்றதுக்கு? அது என்கிட்டயே நிரந்தரமாக் குடியிருக்கு.

காரணம் என் பேரு. எங்கப்பா பூகோள வாத்தியார். நான் பொறந்த அன்னைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி முடிச்சுட்டு, கையில சாக்பீஸ் தூளோட நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கார். என்னைத் தூக்கினார். உத்துப் பார்த்தார். அட்சரேகைன்னு பேரு வச்சார். அன்னைக்கு எரிமலைப் பாடம் நடத்தியிருந்தாலாவது என் குணத்துக்குப் பொருத்தமா ஒரு பேரு அமைஞ்சிருக்கும்.

அட்சரேகைன்னா பூமியைக் குறுக்கால சுத்திப் போற கற்பனைக் கோடு. கற்பனைன்னு பாடப் புத்தகத்துலயே போட்டிருக்கு. இல்லாத கோட்டோட பேரை இருக்கற பிள்ளைக்கு வச்ச மனுஷன் அவர். ஒவ்வொரு வருஷமும் புது வாத்தியார் வருகைப் பதிவைப் படிச்சுக்கிட்டே வருவார். என் பேரு வந்ததும் நிப்பார். கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். மறுபடி மாட்டிப் பார்ப்பார். பேரு அங்கேயேதான் இருக்கும். அப்புறம் "நீ எத்தனை டிகிரி?"ன்னு கேப்பார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். பத்து வருஷம், பத்து வாத்தியார், ஒரே ஜோக். கல்யாணப் பத்திரிகை அடிச்சவர் போன் பண்ணி, "ரெண்டு பொண்ணு பேரு கொடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை பேரு எங்கே?"ன்னார். இன்னைக்கு வரைக்கும் எனக்கு வர்ற தபால்ல பாதி 'திருமதி'ன்னுதான் வருது. தெருவுல எல்லாரும் என்னை 'ரேகை'ன்னு கூப்பிடறாங்க. நான் திரும்பறேன். வேற வழி?

இப்படிப்பட்டவனுக்கு வேலையாவது வேற மாதிரி அமைஞ்சிருக்கலாம். நான் பேக்கரியில கேக் மேல பேரு எழுதறவன். இருபது வருஷமா கிரீம் கூம்பு பிடிச்ச கை இது. அரைக்கிலோ கேக்கோட அகலம் ஒரு சாண்கூட வராது. முன்னெல்லாம் ரவி, கீதா, பாபு. கூம்பை ரெண்டு அமுக்கு அமுக்கினா வேலை முடிஞ்சுது. மீதி இடத்துல ரெண்டு பூ போட்டுட்டு டீ குடிக்கப் போவேன். இப்போ வர்ற பெத்தவங்க ஒரு முழநீளச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டறாங்க. இளவேனில்யாழிசைமொழியினி. கேக்கைச் சுத்திச் சுத்தி எழுதினேன். படிக்கறதுக்கு மேசையைச் சுத்தி நடக்கணும். எழுத்து சின்னதா இருக்கணும், ஆனா தூரத்துல இருந்து தெரியணும்னு அந்தம்மா கேட்டாங்க. இன்னொரு நாள் இரட்டைக் குழந்தைக்கு ஆர்டர். ஒண்ணு பேரு தொடக்கம், இன்னொண்ணு தொடர்ச்சி. மூணாவது பொறந்தா முற்றும்னு வைப்பீங்களான்னு ஒரு அக்கறையில கேட்டேன். முதலாளி என்னைப் பிடிச்சு உள்ளே தள்ளிட்டார்.

அதனால, எனக்குப் பொண்ணு பொறந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நின்னு முடிவு பண்ணிட்டேன். மாலா. ரெண்டே எழுத்து. நடுத்தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்க்கணும். அதுதான் பேரு. அவ யார் கண்ணாடியையும் துடைக்க வைக்கக் கூடாது. எனக்கு நடந்தது என் பொண்ணுக்கு நடக்கக் கூடாது. உலகத்துல எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஆஸ்பத்திரியில ஒரு படிவம் கொடுத்தாங்க. குழந்தை பேரை எழுதி, அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ரெண்டு மாசத்துக்குள்ள பதிவு அலுவலகத்துல கொடுக்கணும். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அந்தப் படிவத்தைப் பேனாவோட கொண்டு போய் என் பொண்டாட்டி முன்னால வச்சேன். குழந்தை அவ மடியில தூங்கிட்டிருந்தது. அவ படிவத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. சிட்டிகைன்னு வைக்கலாம்னு இருக்கேன்னு சொன்னா.

"எதுல ஒரு சிட்டிகை?"

"எதுலயும் இல்லை. வெறும் சிட்டிகை."

"உப்பு போடற அளவு அது."

"கொஞ்சூண்டுதான். ஆனா அது இல்லைன்னா ருசி இல்லை. இவளும் கொஞ்சூண்டுதானே இருக்கா."

"பள்ளிக்கூடத்துல என்னல்லாம் சொல்லுவாங்க தெரியுமா?"

"உங்களைச் சொன்னதை விடவா சொல்லிடப் போறாங்க?"

எனக்கு உச்சந்தலையில ஏறிச்சு. அவளோ, அப்பா அட்சரேகை, பொண்ணு சிட்டிகை, கடைசி எழுத்து கூட அழகா ஒத்துப் போகுதுன்னு சேர்த்துச் சொன்னா. எரியற வீட்டுல எண்ணெயை ஊத்தறதுன்னா அது இதுதான்.

இங்கே ஒண்ணு சொல்லணும். என் பொண்டாட்டி மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. எந்த டாக்டர் கிறுக்கலா இருந்தாலும் மூச்சு விடாமப் படிச்சுடுவா. ஏழு வருஷத்துக்கு முன்னால நான் இருமிக்கிட்டே சீட்டை நீட்டினப்போ என் பேரைச் சத்தமாப் படிச்சா. வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அவ மட்டும் சிரிக்கலை. நல்ல பேருங்கன்னா. இவளுக்கும் காய்ச்சல் போலன்னு நினைச்சேன். இப்போ அதையே எடுத்துப் பேசினா. அன்னைக்குக் கடைக்கு வந்தவங்க நூறு பேரு. தொண்ணூத்தொன்பது பேரோட பேரு சாயந்திரமே மறந்துடுச்சு. உங்க பேரு மறக்கலை. மறந்திருந்தா இன்னைக்கு இவளும் இல்லைன்னா. என் பொண்ணையும் யாரும் மறக்கக் கூடாது, அவ்வளவுதான்னா.

வேற ஒருத்தனா இருந்தா அந்த இடத்துல உருகியிருப்பான். எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாச்சு. மறக்க முடியாத பேரோட நாற்பது வருஷம் வாழ்ந்தவன் நான். மறந்துட மாட்டாங்களான்னு ஏங்கினவன். சத்தம் போட்டேன். குழந்தை முழிச்சு அதுவும் சத்தம் போட்டுச்சு. அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல அவ அமைதியா ஒரு கேள்வி கேட்டா. சாதாரணப் பேருன்னா என்னங்க, எத்தனை வீட்டுல இருந்தா அது சாதாரணம்?

"அஞ்சு வீடு," அப்படின்னேன். "இந்த வட்டாரத்துல அஞ்சு குழந்தைக்காவது இருக்கணும். அதுதான் மனுஷன் வைக்கற பேரு. யாருக்குமே இல்லாத பேரு பேரே இல்லை."

அஞ்சு குழந்தைன்னு அவ ஒரு தடவை மெதுவாச் சொல்லிப் பார்த்துக்கிட்டா. பேனாவை மூடி வச்சா. கையெழுத்து மட்டும் போடலை.

நாலு நாள் வீட்டுல பேச்சே இல்லை. குழந்தைக்கும் பேரு இல்லை. நான் யாரும் பார்க்காதப்போ மாலான்னு கூப்பிட்டுப் பார்த்தேன். கொட்டாவி விட்டுச்சு.

அஞ்சாம் நாள் பேக்கரியில எனக்கு ஞானம் பொறந்தது. ஒரு அம்மா தன் பொண்ணுக்குப் பொறந்தநாள் கேக் ஆர்டர் பண்ண வந்தாங்க. பேரு பனித்துளிர். உலகத்துலயே என் பொண்ணுக்கு மட்டும்தான் இந்தப் பேருன்னு சொல்லிக்கிட்டே திரும்பினாங்க. பக்கத்து மேசையில யாரோ எடுத்துட்டுப் போக ஒரு கேக் தயாரா இருந்தது. அதுலயும் பனித்துளிர். அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே. திருட்டுப் போன வீட்டுக்காரி மாதிரி ஆயிட்டாங்க. யார் அது, எந்தத் தெரு, எப்போ வச்சாங்கன்னு விசாரிச்சாங்க. ஆர்டரை நிறுத்தி வைங்க, பேரையே மாத்தப் போறோம்னு விறுவிறுன்னு கிளம்பிட்டாங்க.

எனக்கு விளங்கிடுச்சு. இந்த விநோதப் பேரு வைக்கறவங்களுக்குக் கேலி கிண்டல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவங்களுக்கு ஒரே ஒரு பயம்தான். அதே பேரு இன்னொருத்தருக்கும் இருந்துடக் கூடாது. சிட்டிகையை நான் எதிர்க்க வேண்டாம், பரப்பினாப் போதும். ஊரெல்லாம் சிட்டிகை ஆயிட்டா, என் பொண்டாட்டியே மூக்கைச் சுளிச்சுக்கிட்டு அந்தப் பேரைத் தூக்கி வீசுவா.

எங்க கடை முன்னால ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதுக்குள்ள தெர்மாகோல்ல செஞ்ச மூணடுக்குப் பொய்க்கேக். மேல கிரீம் மட்டும் நிஜம். வாரா வாரம் ஒரு மாதிரிப் பேரு எழுதி வைக்கறது என் வேலை. அன்னைக்குச் சாயந்திரமே பழைய பேரைச் சுரண்டிட்டு, வெள்ளை மேல ரோஸ் கலர்ல, என் இருபது வருஷ வித்தையையும் காட்டி, சிட்டிகைன்னு எழுதினேன். எதிரியோட பேரை அவ்வளவு அழகா யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. அதுலயும் எனக்குக் கோபம்தான்.

குழந்தை பொறந்து இன்னும் பேரு முடிவு பண்ணாத பெத்தவங்க கடைக்கு நிறைய வருவாங்க. கேக் இப்போ கொடுங்க, பேரு அப்புறம் சொல்றோம்பாங்க. அவங்கதான் என் இலக்கு. கூம்பைக் கையில வச்சுக்கிட்டு, பெருமூச்சு விட்டுக்கிட்டே, இந்த வாரம் எங்கே பார்த்தாலும் சிட்டிகைதாங்க, எழுதி எழுதிக் கையே வலிக்குதுன்னு சொல்லுவேன். பச்சைப் பொய். ஆனா வீட்டுல சிட்டுன்னு செல்லமாக் கூப்பிடலாமேன்னு ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும். புருஷன் பொண்டாட்டியைப் பார்ப்பான், பொண்டாட்டி குழந்தையைப் பார்ப்பா.

முதல்ல விழுந்தது எங்க எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன். அவருக்கும் பொண்ணு பொறந்து மூணு வாரம். மறுநாள் காலையில என்னை வாசல்ல நிறுத்தி, கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"நல்ல பேரு கொடுத்தீங்கண்ணே. சொன்னதும் எங்க மாமியாரே சரின்னுட்டாங்க. அவங்க எதுக்கும் சரின்னதே இல்லை."

"உங்களுக்குப் பிடிச்சாச் சரி."

"அண்ணி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களே?"

"அவ எதுக்கு நினைக்கப் போறா?" அப்படின்னேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கற அளவுக்கு எனக்குப் பொறுமை எப்போ இருந்தது?

ரெண்டாவது ஒரு பஸ் கண்டக்டர் வீடு. மூணாவது ஒரு தையல்காரம்மா பேத்தி. நாலாவதா ஒருத்தர் பையனுக்கே வச்சுட்டார். பையனுக்கு எப்படிங்கன்னு வாய் தவறிக் கேட்டேன். உங்க பேரு என்னன்னு திருப்பிக் கேட்டார். நான் உள்ளே போயிட்டேன். அஞ்சாவது, ஆறாவது அடுத்தடுத்த நாள். நடுவுல ஒரு நாய்க்குட்டிக்கும் வச்சாங்க, அதுக்கு எலும்பு வடிவத்துல கேக். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். நான் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாயிடுச்சு. உண்மையாவே எழுதி எழுதிக் கை வலிச்சுது. ராத்திரி கனவுல கூட ரோஸ் கலர்ல கொம்பும் சுழியும் வந்து என் நெஞ்சு மேல உக்காந்துச்சு. எந்த வார்த்தையைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருமோ அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை நானே சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை, பொண்ணுக்காகன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். அவ குழந்தைத் துணியை மடிச்சுக்கிட்டிருந்தா. எதிர்ல உக்காந்தேன். உனக்கு ஒரு துக்கச் செய்தின்னேன். முகத்தைச் சோகமா வச்சுக்க முயற்சி பண்ணினேன், வாய் காது வரைக்கும் போயிடுச்சு.

"உன் சிட்டிகை இனிமே உன் சிட்டிகை மட்டும் இல்லை. எதிர்வீட்டுல ஒரு சிட்டிகை. கண்டக்டர் வீட்டுல ஒண்ணு. தையல்காரம்மா வீட்டுல ஒண்ணு. மொத்தம் ஏழு."

"ஆறு," அப்படின்னா. "நாயை நான் சேர்க்கலை."

விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

அவ துணியை மடிக்கறதை நிறுத்தவே இல்லை. போன வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனாளாம். நர்ஸ் சிட்டிகைன்னு கூப்பிட்டதும் நாலு அம்மாங்க எந்திரிச்சாங்களாம். அவளுக்கு அவ்வளவு நிம்மதியா இருந்ததாம்.

"உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்குங்க வரணும்?"

"யாருக்குமே இல்லாத பேரு வேணும்னு கேட்டியே?"

"நான் எப்போ கேட்டேன்? மறக்க முடியாத பேரு வேணும்னேன். யாருக்கும் இல்லாத பேரு கூடாதுன்னு சொன்னது நீங்க. அஞ்சு குழந்தைக்காவது இருக்கணும்னீங்க. ஆறு இருக்கு."

"அப்போ என் மாலா?"

"அதையும் நர்ஸ்கிட்ட விசாரிச்சேன். அவங்க தடுப்பூசிப் பதிவேட்டுல அந்தப் பேருல ஒரு குழந்தை கூட இல்லையாம். இந்தக் காலத்துல அப்படி யாருங்க வைக்கறா, வித்தியாசமா இருக்கேன்னு அவங்க ஆச்சரியப்பட்டாங்க. இவ பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு நின்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. உங்களுக்கு நடந்தது இவளுக்கு வேணாங்க."

என் ஆசை, என் கோபம், என் வார்த்தை. மூணையும் ஒழுங்கா மடிச்சுத் துணியோட துணியா அடுக்கி வச்சுட்டா. நான் எந்திரிச்சேன், உக்காந்தேன், மறுபடி எந்திரிச்சேன். எப்போ தெரியும் உனக்குன்னு கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில எழுதின மறுநாள் காலையிலயே பார்த்துட்டாளாம். முதல்ல அவளுக்கு அழுகைதான் வந்ததாம். பார்த்துப் பார்த்து வச்சிருந்த பேரை வீதியில வச்சிருக்காரேன்னு. அப்புறம்தான் கணக்கு புரிஞ்சுதாம். எலெக்ட்ரீஷியன் பொண்டாட்டி வந்து, நாங்களும் இந்தப் பேரை வைக்கலாமான்னு கூச்சத்தோட கேட்டப்போ, தாராளமா வைங்க, தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்கன்னு அனுப்பினதே இவதானாம்.

"நடுவுல ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்லா உழைச்சுக்கிட்டிருந்தீங்க. எதுக்கு நடுவுல தொந்தரவு பண்ணணும்?"

அன்னைக்கு நான் சாப்பிடலை. கோபத்துல சாப்பிடாம இருக்கறது நம்ம உரிமை. பசி தாங்காம அப்புறம் சாப்பிட்டேன், அது வேற விஷயம். சாப்பிட்டுக்கிட்டே யோசிச்சேன். எங்கே இடிச்சாலும் சுவராவே இருந்துச்சு. அஞ்சுன்னு சொன்ன வாய் என்னுது, ஆறாக்கின கை என்னுது. குழந்தை என்னைப் பார்த்துச்சு. சிட்டுன்னேன். அந்தத் துரோகி சிரிச்சுது.

மறுநாள் காலையில மூணு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நீளமான பெஞ்சு, மெதுவாச் சுத்தற ஃபேன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால ஒரு அலுவலரம்மா. நான் மார்பை நிமிர்த்திக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. இவங்க அரசாங்க ஆளு. பேரைப் பார்த்ததும் ஒரு புருவமாவது உயரும். என்னம்மா இது பேருன்னு ஒரு வார்த்தையாவது கேப்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும், பேனாவைப் பிடுங்கி மாலான்னு மாத்திடலாம்.

எங்க முறை வந்தது. படிவத்தை நீட்டினோம். அலுவலரம்மா குழந்தை பேரைப் படிச்சாங்க. ஒரு சலனமும் இல்லை. கொட்டாவி ஒண்ணை அடக்கிக்கிட்டு, இந்த மாசம் இதோட எட்டுன்னு சொல்லிட்டு டக்குன்னு முத்திரையைக் குத்தினாங்க. அம்மா பேரைப் பார்த்தாங்க, சரி பார்த்து ஒரு டிக் போட்டாங்க. விரல் அடுத்த வரிக்கு இறங்குச்சு. அங்கேயே நின்னுச்சு. கண்ணாடியைக் கழட்டினாங்க. துடைச்சாங்க. மாட்டிக்கிட்டு மறுபடி படிச்சாங்க. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. அப்புறம் மெதுவா என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி முந்திக்கிட்டா.

"அவருக்கு மட்டும் கொஞ்சம் விநோதமான பேருங்க, மேடம். அந்தக் கஷ்டம் குழந்தைக்கும் வேணாம்னுதான், ஊர்ல எல்லாரும் வைக்கற பேரா அவரே பார்த்து வச்சார்."